சார்ல்ஸ்டனின் பழைய வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்லாண்டா, சார்லட், ராலே பக்கமிருந்து சார்ல்ஸ்டனுக்கு லாங் வீக்கெண்டில் வரும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இங்கேயே குடியிருப்பவன் என்பதால் தெரிந்தவர்கள் வரும்போதெல்லாம் அவர்களோடு நானும் தெருத்தெருவாக நடப்பேன். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வரும். அவரவர் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் பதில் கொஞ்சம் நீளும்.

சார்ல்ஸ்டன்ல அப்படி என்ன விசேஷம்? எல்லா ஊர்லயும்தான் பழைய கட்டடம் இருக்கு.

சவுத் கரோலினா மாநிலத்தின் துறைமுக நகரம் இது. ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கடலைப் பார்த்து நீண்டிருக்கும் தீபகற்பம்தான் பழைய நகரம். 1670-ல் ஆஷ்லி ஆற்றின் எதிர்க்கரையில் குடியேறிய ஆங்கிலேயர்கள் 1680-ல் இப்போதைய இடத்துக்கு மாறினார்கள். அரிசியும் அவுரியும் ஏற்றுமதியாகி ஊர் பெரும் பணக்கார ஊரானது. அந்தப் பணம் அடிமைகளின் உழைப்பில் வந்தது. அதைப் பற்றிக் கீழே விரிவாகப் பேசலாம்.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதே இந்தத் துறைமுகத்திலுள்ள சம்டர் கோட்டையில்தான். போர் முடிந்தபோது ஊர் ஓட்டாண்டியாகிவிட்டது. மற்ற நகரங்கள் பழையதை இடித்துப் புதிது கட்டிய அந்தப் பல பத்தாண்டுகளில் இங்கே இடிக்கவும் காசில்லை, கட்டவும் காசில்லை. ஒரு தெரு மூலையில் நின்று நாலாபக்கமும் பார்த்தால் இருநூறு வருட வீடுகளாகவே கண்ணில் படுவதற்கு முதல் காரணம் அந்த வறுமை. அக்கறையும் சட்டமும் பிறகு வந்தவை.

இதெல்லாம் நிஜமாவே பழசா, இல்ல டூரிஸ்டுக்காகப் பழசு மாதிரி கட்டினதா?

பெரும்பாலும் நிஜமான பழசு. ஆனால் ஒரே காலத்துப் பழசு இல்லை. 1740, 1778, 1838, 1861 என்று பெருந்தீ பல முறை ஊரின் பெரும்பகுதிகளைத் தின்றிருக்கிறது. அதனால் 1713-ல் கட்டிய வெடிமருந்துக் கிடங்கு, 1761-ல் முடிந்த செயின்ட் மைக்கேல்ஸ் தேவாலயம் போன்ற மிகப் பழைய கட்டடங்கள் கொஞ்சம்தான். 1838 தீ எரித்த ஆன்சன்பரோ பகுதியில் அதற்குப் பின் எழுந்த செங்கல் வீடுகளே அதிகம்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். எல்லோரும் படமெடுக்கும் ரெயின்போ ரோவில் 13 வீடுகள் ஒட்டி நிற்கின்றன. அவை பதினெட்டாம் நூற்றாண்டு வணிகர்களுடையவை. கீழே கடை, மேலே குடியிருப்பு. அந்த இளம் வண்ணங்களோ 1930-களில் வந்தவை. டொரோதி லெக் என்பவர் 1931-ல் அங்கே பாழடைந்த வீடுகளை வாங்கிச் சரிசெய்து பிங்க் அடித்தார். அக்கம்பக்கத்தார் பின்தொடர்ந்தார்கள்.

வீடெல்லாம் ஏன் தெருவுக்கு முகத்தைக் காட்டாம பக்கவாட்டுல திரும்பி நிக்குது?

இதைச் 'சிங்கிள் ஹவுஸ்' என்கிறார்கள். தெருவைப் பார்த்த பக்கம் ஒரே ஓர் அறையின் அகலம்தான். வீடு பின்னோக்கி நீளும். நடுவில் மாடிப்படி, இரு பக்கமும் ஒவ்வோர் அறை. தெற்கிலோ மேற்கிலோ நீண்ட தாழ்வாரம், மாடிக்கு மாடி இருக்கும். அதற்கு இங்கே 'பியாட்சா' என்று பெயர். துறைமுகக் காற்று அந்தப் பக்கமாக வரும், கோடை வெயில் சுவரில் நேராக விழாது. ஏசி இல்லாத காலத்தில் இந்த ஊர்ப் புழுக்கத்தைத் தாங்கச் செய்த ஏற்பாடு.

தெருவில் தெரியும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், பியாட்சாவுக்குள்தான் போவீர்கள். உண்மையான வாசற்கதவு தாழ்வாரத்தின் நடுவில் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பியாட்சா இல்லாத வடக்குச் சுவரில் ஜன்னல்கள் குறைவு. பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தை எட்டிப் பார்க்காமலிருக்க அப்படி ஒரு மரியாதை.

சுவத்துல வட்டமா, பிளஸ் மாதிரி இரும்பு வில்லை பதிச்சிருக்கே, அது அழகுக்கா?

இல்லை. 1886 ஆகஸ்ட் 31 இரவு பெரிய நிலநடுக்கம் வந்தது. ரிக்டர் அளவில் சுமார் 7 என்று இன்று கணிக்கிறார்கள். 60 பேருக்கு மேல் இறந்தார்கள், சேதமில்லாத செங்கல் கட்டடமே அரிது. வெளியே சாய்ந்த சுவர்களை இழுத்துப் பிடிக்க, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே தரைமட்டத்து மரச்சட்டங்களை ஒட்டி நீளமான இரும்புக் கம்பிகளைச் செலுத்தி இரு முனையிலும் மரை போட்டு முறுக்கினார்கள். வெளியே தெரியும் வில்லை அந்த மரையின் கீழிருக்கும் தகடு. சிலர் அதன் மேல் சிங்க முகம் வைத்து மறைத்திருக்கிறார்கள்.

மறுபடி அப்படி ஒரு நடுக்கம் வந்தால் இந்தக் கம்பிகள் மட்டும் போதாது. ஆனால் அதற்காக அவற்றைப் பிடுங்குவதும் தவறு. 1886-க்குப் பின் ஊர் எழுந்து நின்றதற்கு அவைதான் சாட்சி.

காப்பாத்தணும்னு முதல்ல கிளம்பினது யாரு?

சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர், நிலம் வீடு வாங்கி விற்கும் தொழில் செய்தவர். 1803-ல் கட்டிய ஜோசப் மேனிகால்ட் வீடு இடிபடப் போகிறது என்ற நிலையில், 1920-ல் சிலரைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அதன் பெயர் பிரசர்வேஷன் சொசைட்டி. வீடு தப்பியது. ஆனால் அதன் தோட்டத்தில் பெட்ரோல் பங்க் வந்தது. அழகான வாயில் மண்டபம் பங்க்கின் கழிப்பறையானது. 1933-ல்தான் சார்ல்ஸ்டன் மியூசியம் அந்த வீட்டை எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஆபத்து இரண்டு பக்கமிருந்து வந்தது. கார் வந்ததால் மூலை மனைகளில் பெட்ரோல் பங்க்குகள். இன்னொரு பக்கம், வடக்கிலிருந்து வந்த சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் அறைகளின் மரவேலையையே கழற்றி வாங்கிப் போனார்கள். டிராட் தெருவிலுள்ள ஜான் ஸ்டூவர்ட் வீட்டின் அறைகள் இன்றும் மினியாபொலிஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீடு இங்கே, அதன் உட்புறம் ஆயிரம் மைலுக்கு அப்பால்.

1931 சட்டம், 1931 சட்டம்னு கைடு சொல்லிக்கிட்டே இருந்தாரு. என்ன அது?

1931 அக்டோபரில் நகர மன்றம் நிறைவேற்றிய மனைப் பகுப்புச் சட்டம். 'பழைய, வரலாற்றுப் பகுதி' என்று ஊரின் ஒரு பகுதியை வரையறுத்து, அதற்குள் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கு முன் ஒரு கட்டடக்கலை ஆய்வு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. தனித்தனிக் கட்டடமாகப் பார்க்காமல் ஒரு பகுதி முழுவதையும் சட்டத்தால் பாதுகாத்த முதல் அமெரிக்க நகரம் சார்ல்ஸ்டன். நியூ ஆர்லியன்ஸ், சான் ஆன்டோனியோ எல்லாம் பின்னால் வந்தவை.

ஆனால் அந்த முதல் சட்டத்தில் பெரிய ஓட்டை. இடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை. மீட்டிங் தெருவில் நெடிய தூண் வரிசையோடு நின்ற சார்ல்ஸ்டன் ஹோட்டலை 1960-ல் இடித்து மோட்டல் கட்டினார்கள். இடிப்புக்கு மறுப்புச் சொல்லும் அதிகாரம் 1966-ல்தான் வந்தது. முப்பத்தைந்து வருடம் என்பது மிக நீண்ட தாமதம். பழைய புகைப்படங்களில் அந்த ஹோட்டலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சொந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக்கூடப் பர்மிஷன் வாங்கணுமாமே, நிஜமா?

பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வெளிப்புறம் என்றால் ஆமாம். நிறம், ஜன்னல், கதவு, கூரை, வேலி, ஏசி யூனிட் வைக்கும் இடம் வரை பொது வழியிலிருந்து கண்ணில் படுவதெல்லாம் கணக்கில் வரும். சின்ன விஷயங்களை நகராட்சி அலுவலர்களே பார்த்து முடித்துவிடுவார்கள். பெரியவை வாரியத்தின் பொதுக் கூட்டத்துக்குப் போகும். யார் வேண்டுமானாலும் அங்கே போய் உட்கார்ந்து கேட்கலாம், பேசலாம். ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒரு மதில் சுவரின் உயரத்துக்காக அண்டை வீட்டார் எவ்வளவு பொறுப்போடு வாதாடுகிறார்கள் என்பது தெரியும்.

வீட்டுக்குள்ளே என்ன செய்தாலும் வாரியம் கேட்காது. நல்ல மாடிப்படியைப் பிய்த்தெறிந்தாலும் கேட்க முடியாது. உள்ளேயும் காக்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது: உரிமையாளரே விரும்பி, 'இதையெல்லாம் மாற்ற மாட்டேன்' என்று ஓர் அறக்கட்டளைக்குப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பது. வீடு கைமாறினாலும் அந்த நிபந்தனை கூடவே போகும். 1947-ல் தொடங்கிய ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷனிடம் இப்படி நூற்றுக்கணக்கான வீடுகளின் பத்திரங்கள் இருக்கின்றன.

தேசியப் பட்டியல்ல பேர் இருந்தா யாராலயும் இடிக்க முடியாதுதானே?

இல்லை, பலருக்கும் இருக்கும் தவறான நம்பிக்கை இது. 1966-ல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல் ஒரு கௌரவம். மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலை என்றால், பட்டியலிலுள்ள கட்டடத்துக்கு என்ன பாதிப்பு என்று முதலில் ஆராய வேண்டும். அவ்வளவுதான். தனியார் தன் பணத்தில் தன் வீட்டை இடித்தால் அந்தப் பட்டியல் தடுக்காது.

தடுப்பது உள்ளூர்ச் சட்டம். முந்தைய பதில்களில் சொன்ன வாரியமும், எழுதிக்கொடுத்த பத்திரமும்தான் பல் உள்ளவை. உங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டைக் காப்பாற்ற நினைத்தால், நகராட்சி விதியைத்தான் முதலில் படியுங்கள்.

இதுக்கெல்லாம் காசு யார் குடுக்கறது? கவர்ன்மென்டா?

பெரும்பாலும் உரிமையாளர்தான். வருமானம் தரும் கட்டடம், அதாவது கடை, ஹோட்டல், வாடகை வீடு என்றால், அங்கீகரிக்கப்பட்ட முறையில் சீர்செய்யும் செலவில் 20 சதவீதத்தை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இந்த ஊர் கண்டுபிடித்த நல்ல வழி ஒன்று உண்டு, சுழல் நிதி. ஆன்சன்பரோவில் வீடுகள் பாழடைந்து கிடந்தபோது, 1950-களின் கடைசியிலிருந்து ஃபவுண்டேஷன் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, கூரையும் சுவரும் விழாதபடி நிறுத்தி, பாதுகாப்பு நிபந்தனையோடு விற்றது. விற்ற பணத்தில் அடுத்த வீடு. இப்படிச் சுமார் 60 வீடுகள் பிழைத்தன. அமெரிக்காவின் பல நகரங்கள் இதைப் பின்பற்றின. இதன் மறுபக்கம் அவ்வளவு நன்றாக இல்லை. 'அங்க இருந்தவங்க எங்க போனாங்க' என்ற கேள்வியில் அது வரும்.

சிமென்ட் போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குமே, ஏன் இன்னும் சுண்ணாம்பு?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. சுவருக்கு அருகே போய்ப் பாருங்கள். இங்குள்ள பழைய செங்கல் கையால் அறுத்து, விறகுச் சூளையில் சுட்டது. மெத்தென்றிருக்கும், ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊர், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், காற்றில் உப்பு. ஈரம் சுவருக்குள் ஏறத்தான் செய்யும். கேள்வி அது எந்த வழியாக வெளியேறுகிறது என்பது. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது; ஈரமும் உப்பும் இணைப்புகள் வழியாக வெளியே வந்து காயும். காலப்போக்கில் உதிர்வது காரைதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம்.

போர்ட்லேண்ட் சிமென்ட்டை அங்கே திணித்தால் இணைப்பு கல்லாகிவிடும். ஈரத்துக்கு வேறு வழியில்லை, செங்கல்லின் முகம் வழியாகவே வெளியேறும். உப்பு உள்ளேயே படிகமாகி முகத்தைப் பெயர்க்கும். சில தெருக்களில் பார்க்கலாம்: இணைப்புக் கோடுகள் மட்டும் சாம்பல் நிறத்தில் வரம்புபோலத் துருத்தி நிற்கும், நடுவில் செங்கல் குழிந்து சிவப்புப் பொடியாகக் கொட்டியிருக்கும். விரலால் தொட்டால் ஒட்டும். காரையை மாற்றலாம், இருநூறு வருடச் செங்கல்லை மாற்ற முடியாது. உறுதியான பொருளைவிட ஒத்துப்போகும் பொருள்தான் பழைய சுவருக்குத் தேவை.

நம்ம ஊர்ல கடுக்காய், வெல்லம் சேர்த்து அரைப்பாங்களே, அதே சுண்ணாம்பா?

அடிப்படை ஒன்றுதான், சேர்மானம் வேறு. நம் ஊரில் கிளிஞ்சல் சுட்டு நீற்றிய சுண்ணாம்புபோல, இங்கே சிப்பி ஓடுகளைச் சுட்டார்கள். இந்தக் கரையோரத்தில் சுண்ணாம்புக் கல் அரிது, சிப்பி மலைமலையாகக் கிடைத்தது. பழைய காரையை உற்றுப் பார்த்தால் முழுதாக வேகாத சிப்பித் துண்டு வெள்ளையாகத் தெரியும். கடுக்காயும் வெல்லமும் இங்கே சேர்த்த வழக்கமில்லை. சிப்பி ஓட்டையே ஜல்லியாகப் போட்டு மணல், சுண்ணாம்பு, தண்ணீர் கலந்து பலகைச் சட்டத்துக்குள் கொட்டிக் கட்டும் முறையும் உண்டு. அதற்கு 'டாபி' என்று பெயர்.

பழைய ஜன்னல் வழியா ஏசி காத்தெல்லாம் போயிடாதா? மாத்திட்டா என்ன?

போகும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஜன்னல் ஓரத்தில் காற்றடைப்புப் பட்டை ஒட்டி, கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டிப் பசையைப் புதுப்பித்து, வேண்டுமானால் இன்னொரு கண்ணாடிச் சட்டம் சேர்த்தால் பெரும்பகுதி அடைபடும். அந்தச் சட்டங்கள் நூற்றாண்டுகள் வளர்ந்த பைன், சைப்ரஸ் மரத்தின் வைரத்தில் செய்தவை. இன்று கடையில் அப்படி மரம் கிடைக்காது. உளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, புது மரத்துண்டு பொருத்தலாம். வினைல் ஜன்னல் பழுதானால் மொத்தமாகக் குப்பைக்குத்தான் போகும். தெருவிலிருந்து தெரியும் இடத்தில் வினைலுக்கு வாரியம் எப்படியும் சம்மதிக்காது.

இந்த வேலை தெரிஞ்ச ஆள் இன்னும் இருக்காங்களா?

ஒரு கட்டத்தில் இல்லாமல் போய்விட்டார்கள். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் நான்காம் வகைச் சூறாவளியாகக் கரை கடந்தது. கூரைகள் பறந்தன, மேற்பூச்சுகள் விழுந்தன. சரிசெய்யப் பணமும் காப்பீடும் இருந்தாலும், ஸ்லேட் கூரை வேய, சுண்ணாம்பு பூச, பழைய தச்சு செய்யக் கைகள் இல்லை. வெளியூர்களிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் த பில்டிங் ஆர்ட்ஸ். கல்தச்சு, கொத்துவேலை, மரவேலை, சுதை, கொல்லுவேலை ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்துப் பட்டமும் தருகிறார்கள். பல வருடம் பழைய நகரச் சிறைச்சாலையில் நடந்தது, இப்போது பழைய டிராம் கொட்டகையில்.

கொல்லுவேலை என்றதும் ஃபிலிப் சிம்மன்ஸைச் சொல்லாமல் விட முடியாது. 1912-ல் பிறந்தவர். அடிமையாகப் பிறந்து கொல்லரான பீட்டர் சிம்மன்ஸிடம் சிறுவயதிலேயே தொழில் பழகினார். (பெயர் ஒன்று, உறவில்லை.) வண்டிப் பட்டறை வேலை ஓய்ந்ததும் அலங்காரக் கதவுகளுக்கு மாறினார். ஊரெங்கும் அவர் அடித்த கதவுகளும் கம்பி வேலிகளும் இருக்கின்றன. ஈஸ்ட் பே தெருவில் கேட்ஸ்டன் வீட்டு வாசலில் பாம்பு நெளியும் கதவைப் பாருங்கள். 1982-ல் தேசியப் பாரம்பரிய விருது பெற்றார், 2009-ல் மறைந்தார். பழமையைக் காப்பதென்றால் கட்டடத்தோடு இந்தக் கைவேலையும் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதையெல்லாம் கட்டினது அடிமைகள்தானே? அதை யாராவது சொல்றாங்களா?

ஆமாம், அடிமைகள்தான். வாண்டோ, கூப்பர் ஆற்றங்கரைச் சூளைகளில் செங்கல் அறுத்தவர்கள், மரம் இழைத்தவர்கள், சுதை வேலை செய்தவர்கள், பிறகு அதே வீட்டில் சமைத்துத் துவைத்து வாழ்ந்தவர்கள். சில செங்கற்களில் விரல் தடம் பதிந்திருக்கும். ஈரமண்ணாக இருக்கும்போது தூக்கிக் காயவைத்தவரின் விரல். சில தடங்கள் மிகச் சிறியவை, குழந்தைகளுடையவை. அதில் நம் விரலை வைத்துப் பார்த்தால் பொருந்தாது. ஊர் முழுவதிலும் என்னை அதிகமாக உலுக்கிய பொருள் அதுதான்.

நீண்ட காலம் இதைச் சொல்லாமல்தான் வீடுகளைக் காட்டினார்கள். பின்கட்டை 'வண்டிக் கொட்டகை' என்றும், அங்கிருந்தவர்களை 'வேலைக்காரர்கள்' என்றும் சொல்லிவிட்டு நகர்வார்கள். அடிமைகள் ஏலம் விடப்பட்ட சாமர்ஸ் தெருக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற கேட்ஸ்டன் துறையில் 2023 ஜூனில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அடிமை வணிகத்தில் தன் பங்குக்காக 2018-ல் நகர மன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

நேரில் புரிய எய்க்கன்–ரெட் வீட்டுக்குப் போங்கள். 1820 வாக்கில் கட்டியது. ஆளுநராக இருந்த வில்லியம் எய்க்கனின் குடும்பம் தலைமுறைகளாக வாழ்ந்தது. ஃபவுண்டேஷன் 1995-ல் வாங்கியபோது ஒரு முடிவெடுத்தது: புதுப்பிப்பதில்லை, இருந்தபடியே நிறுத்துவது. கிழிந்து தொங்கும் சுவர்த்தாள், உதிர்ந்த சுதை, வெளிறிய தூண்கள். கூரை ஒழுகாது, பூச்சு மேலும் விழாது, அவ்வளவுதான் செய்கிறார்கள். முற்றத்தின் இரு பக்கமும் சமையலறை, துவைக்கும் இடம், குதிரை லாயம், அவற்றுக்கு மேலே அடிமைகள் படுத்த அறைகள் அப்படியே இருக்கின்றன. முன்கட்டுக் கூடத்தையும் பின்கட்டு அறையையும் ஒரே நடையில் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட வரலாறுன்னா எதுக்குக் காப்பாத்தணும்? இடிச்சுத் தள்ளிட்டுப் போகலாமே.

ஆத்திரத்தோடு கேட்கப்படும் கேள்வி, அந்த ஆத்திரம் நியாயமானதும்கூட. ஆனால் இடித்தால் முதலில் மறைவது யாருடைய தடம்? எஜமானர்களுக்குக் கடிதம், பத்திரம், ஓவியம், கல்லறைக் கல் எல்லாம் இருக்கின்றன. அடிமையாக இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சியது அந்தப் பின்கட்டு அறையும் செங்கல்லில் விரல் தடமும்தான். இங்கே பல வீடுகளில் முன்கட்டைக் காப்பாற்றிவிட்டுப் பின்கட்டை விட்டுவிட்டார்கள், அல்லது விருந்தினர் குடிலாக மாற்றிவிட்டார்கள். அதைப் பாதிக் காரியம் என்றுதான் சொல்வேன்.

பழைய தெருவைச் சரி பண்ணினதும் அங்க இருந்தவங்க எங்க போனாங்க?

பலரும் தயங்கிக் கேட்பார்கள், தயங்க வேண்டியதில்லை. சூசன் ஃப்ராஸ்ட் வாங்கிய வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களில் பலர் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள். ஆன்சன்பரோவில் வீடுகள் சீரானபோது வாடகைக்காரர்கள் வெளியேறினார்கள். 1960-களில் பெரிய அரங்கம் ஒன்று கட்டவும், தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டி நெடுஞ்சாலை போடவும் கறுப்பினக் குடியிருப்புகளே இடிபட்டன. அங்கிருந்த சின்ன வீடுகளை வரலாறு என்று அன்று யாரும் மதிக்கவில்லை. 1980-ல் தீபகற்பத்தில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை, இன்று சிறுபான்மை. வரி, காப்பீடு, வீட்டு விலை மூன்றும் சேர்ந்து தள்ளிவிட்டன.

சட்டம் சுவரைக் காப்பாற்றும், சுவருக்குள் வாழ்ந்தவரைக் காப்பாற்ற அதற்குத் தெரியாது. சிறிய வீடுகளுக்கும் அதே மதிப்பு, பல தலைமுறையாக இருப்பவர்களுக்குப் பழுதுபார்க்க உதவி, கட்டுப்படியாகும் வாடகை என்று இப்போது பேசுகிறார்கள், கொஞ்சம் செய்கிறார்கள். தாமதம்தான், ஆனாலும் இதைச் செய்யாத எந்தப் பாதுகாப்புத் திட்டத்தையும் நான் முழு மனதோடு பாராட்ட மாட்டேன்.

அப்போ புதுசா கட்டினாலும் பழசு மாதிரியே கட்டணுமா?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயரம், அளவு, பொருள், பக்கத்துக் கட்டடத்தோடு இசைவு ஆகியவற்றைத்தான் வாரியம் பார்க்கும். தேவாலயக் கோபுரங்கள்தான் வானில் உயர்ந்து தெரிய வேண்டும் என்பதற்காகப் பகுதிக்குப் பகுதி உயர வரம்பு உண்டு. பழசைப் போலி செய்வதைவிட, நல்ல செங்கல்லில், சரியான அளவில் இந்தக் காலத்துக் கட்டடமாகவே இருப்பது மேல் என்பது என் கட்சி. ஊரில் பாதிப் பேர் இதற்கு நேர் எதிர்.

கடல் ஏறிக்கிட்டே வருதே, இவ்வளவு காப்பாத்தி என்ன பிரயோஜனம்?

துறைமுகத்தில் நூறு வருடத்தில் கடல்மட்டம் சுமார் ஓரடி உயர்ந்திருக்கிறது. மழையே இல்லாத நாளிலும் பௌர்ணமி, அமாவாசை ஓதத்தில் சில தெருக்களில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வருமிடம் பெரும்பாலும் ஒரு காலத்தில் ஓடையாகவும் சதுப்பாகவும் இருந்து தூர்க்கப்பட்ட இடம். இன்றைய மார்க்கெட் இருக்கும் இடத்திலும் ஓடைதான் ஓடியது.

2015 பெருமழை, 2016 மேத்யூ புயல், 2017 இர்மா புயல் என்று அடுத்தடுத்து வந்தபின், வீட்டையே தூக்கலாம் என்று வாரியம் அனுமதிக்கத் தொடங்கியது. 2019-ல் அதற்கு வழிகாட்டு விதிகளும் வந்தன. அஸ்திவாரச் சுவரில் துளையிட்டு எஃகு உத்தரங்களைச் செருகி, ஜாக்கிகளால் எல்லா மூலையையும் ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். மரவீட்டுக்கு மட்டுமில்லை, செங்கல் வீட்டுக்கும் செய்கிறார்கள். சிக்கல் அதன் பிறகு: தெருவோடு ஒட்டியிருந்த வாசல் தலைக்கு மேல் போய்விடும், படி எங்கே இறங்குவது? ஒரு வீடு உயர்ந்து பக்கத்து வீடு தாழ்ந்தே நின்றால் தெருவின் வரிசை குலையும். தீபகற்பத்தைச் சுற்றிச் சுமார் 8 மைலுக்கு மதில் எழுப்பும் ராணுவப் பொறியாளர்களின் திட்டமும் பேச்சில் இருக்கிறது. அதில் வெளியே விடப்படும் குடியிருப்புகள் யாருடையவை என்ற கேள்வி மறுபடி எழுகிறது.

பிரயோஜனம் உண்டா என்றால், உண்டு. பல பெருந்தீ, ஒரு நிலநடுக்கம், ஹியூகோ எல்லாவற்றையும் தாண்டி நிற்கும் வீட்டை, தண்ணீர் வரும் என்று இன்றைக்கே கைவிட எனக்கு மனம் வராது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எதைப் பார்க்கறது?

காலையில் எய்க்கன்–ரெட் வீடு. அப்புறம் மீட்டிங் தெருவில் நத்தானியேல் ரஸ்ஸல் வீடு. 1808-ல் முடிந்தது, சுவரைத் தொடாமல் மூன்று மாடி சுழன்றேறும் படிக்கட்டு அங்கே. ரஸ்ஸல் அடிமை வணிகத்திலும் ஈடுபட்டவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். முந்தையது இருந்தபடியே விட்ட வீடு, இது 1808-ல் இருந்ததுபோல் மீட்ட வீடு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் இரண்டு கொள்கைகளும் விளங்கும். மதியம் கேட்ஸ்டன் துறை அருங்காட்சியகம். நுழைவுச் சீட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். சாயங்காலம் வெயில் தணிந்ததும் டிராட் தெரு, சர்ச் தெருவில் நடங்கள். அங்கெல்லாம் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பியாட்சாவின் தெருக்கதவு திறந்திருந்தால் உள்ளே யாரையாவது எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், உங்களை அல்ல. வெளியிலிருந்தே பாருங்கள்.